தானாக ஓடும் அனிமேஷன்: குக்கி போட்டு அடக்குவதா, வேறு வழி பார்ப்பதா?

புடவைக் கடைத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பைத் திறந்ததும் லோகோ சுழன்று வந்து நிற்கிறது. ஒரு பட்டுப்புடவை திரை மாதிரி விரிந்து இரண்டு பக்கமும் விலகுகிறது. அப்புறம்தான் பக்கம் தெரிகிறது. மொத்தம் 4 விநாடி. முதல் தடவை பார்ப்பவருக்கு அது நன்றாகவே இருக்கும். அவரே ஒரு புடவையின் விலையைப் பார்த்துவிட்டு 'முகப்பு' என்பதைத் தட்டினால் மறுபடி 4 விநாடி. கூடைக்குப் போய்த் திரும்பினால் இன்னொரு 4 விநாடி. அதற்கடுத்த தடவை திரை விலகும்போது அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டார்.

அனிமேஷனையே தூக்கிவிடலாம் என்றால் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். காசு கொடுத்துச் செய்தது. கடைசியில் "ஆளுக்கு ஒரு தடவை ஓடட்டும்" என்று பேசி முடிப்பார்கள். ஓடியதை எங்கேயாவது குறித்து வைக்க வேண்டுமே, பெரும்பாலும் முதலில் கை போவது குக்கிக்குத்தான், அதாவது தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புக்கு. அதோடு போட்டிக்கு நிற்பவை நான்கு: பயனரின் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் 'அசைவைக் குறை' செட்டிங், பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பிடங்களான லோக்கல்ஸ்டோரேஜ், செஷன்ஸ்டோரேஜ், பிறகு சர்வரிலேயே முடிவெடுப்பது. (கட்டளைப் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. நிரலில் அவற்றை ஆங்கிலத்திலேயே அடிக்க வேண்டும்.)

பார்த்தாச்சா? வேண்டாமா?

எதில் குறித்து வைப்பது என்பதற்கு முன்னால், எதைக் குறித்து வைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலான தளங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். "இவர் இந்த அனிமேஷனைப் பார்த்துவிட்டாரா?" என்பது ஒரு கேள்வி. "இவருக்கு அசைவே வேண்டாமா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே குக்கியைப் போட்டுவிடுகிறார்கள்.

முதல் கேள்வியின் பதிலை பிரவுசர் மறந்துவிட்டால் நஷ்டம் 4 விநாடி, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். இரண்டாவதை மறந்தால் கதை வேறு. உள்காதின் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் திரை முழுக்க நகரும் படம் தலைசுற்றலையும் குமட்டலையும் கொண்டுவரும். அவர் ஒருமுறை 'நிறுத்து' என்று சொன்னதைத் தளம் மறக்கக் கூடாது. அடுத்த பொங்கலுக்குப் புது அனிமேஷன் போடும்போது 'பார்த்தாச்சு' குக்கியின் பெயரை 'இன்ட்ரோ2' என்று மாற்றுவோம், எல்லோரும் புதியதைப் பார்க்கட்டும் என்று. 'வேண்டாம்' என்றவரின் பதிலும் அதே குக்கியில் இருந்தால் அதுவும் அன்றைக்கே காணாமல் போகும். ஆகவே இரண்டு தனித்தனிக் குறிப்புகள். மறந்தாலும் பரவாயில்லை என்பதற்கு ஓர் இடம், மறக்கவே கூடாது என்பதற்கு வேறோர் இடம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதை வைத்துத்தான் ஓடுகிறது.

எதையும் சேமிக்காமலே முடிகிற வேலைகள்

சில இடங்களில் நினைவே தேவையில்லை. பேனரில் முடிவில்லாமல் சுற்றும் ஜிஃப் படத்தை நிறுத்த குக்கி தேடுவது வீண். சுற்று எண்ணிக்கை அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அது 0 என்றால் முடிவில்லாமல் ஓடும். ஜிஃப் தயாரிக்கும் மென்பொருளில் அதை 1 அல்லது 2 ஆக்கிச் சேமித்தால் முடிந்தது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். மொழியின் அனிமேஷனில் 'இன்ஃபினிட்' என்று இருக்கும் இடத்தில் ஓர் எண்ணைப் போட்டால் அதே பலன்.

ஒன்றன்பின் ஒன்றாகப் படம் மாறும் ஸ்லைடருக்கு விதி இன்னும் கறார். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் 2.2.2-ஆவது விதி, அடிப்படை நிலையான 'ஏ'யிலேயே இருப்பது, இப்படிச் சொல்கிறது: தானாகத் தொடங்கி, 5 விநாடிக்கு மேல் ஓடி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தெரியும் எந்த அசைவையும் நிறுத்தவோ மறைக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். நம் 4 விநாடி லோகோ இதில் தப்பித்துக்கொள்ளும். ஸ்லைடர் தப்பாது. "ஒரு தடவைதான் ஓடும், குக்கி வைத்திருக்கிறோம்" என்பது இந்த விதிக்குப் பதிலாகாது. அந்த ஒரு தடவையிலும் நிறுத்தும் பட்டன் வேண்டும்.

2.3.1 இன்னும் கடுமையானது. ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. வலிப்பு வரக்கூடியவர்களுக்கு முதல் தடவையே ஆபத்து என்பதால் எந்தக் குக்கியும் இங்கே உதவாது. தீபாவளிக்கு வாணவேடிக்கை போடும் தளங்கள் கவனிக்க வேண்டியது இது. வெடித்துச் சிதறும் ஒளியை மெதுவாக மங்கவிடுங்கள்.

பயனர் ஏற்கெனவே சொல்லியிருக்கலாம்

2013-இல் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது ஆப் திறக்கும்போதெல்லாம் திரை பாய்ந்து வருவது பலருக்குத் தலைசுற்றலாக இருந்தது. அந்தக் காலத்திலிருந்து பழகிய 'அசைவைக் குறை' செட்டிங்கை இணையப் பக்கங்களும் படிக்கும் வழிதான் 'பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' என்ற மீடியா குவெரி (கருவியின் நிலையைக் கேட்டுப் பார்க்கும் சி.எஸ்.எஸ். நிபந்தனை). சஃபாரி 10.1-இல் 2017-இல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 63 (2018), குரோம் 74 (2019) என்று மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஐபோனில் அணுகல்தன்மைப் பகுதியில் 'மோஷன்' என்பதற்குள் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் அணுகல்தன்மை, அதற்குள் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்', அதில் 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்'. ஆண்ட்ராய்டில் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்'.

இதில் எதையும் சேமிக்க வேண்டியதில்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவையில்லை. முதல் வருகையிலேயே வேலை செய்கிறது. குக்கியால் ஒருநாளும் முடியாதது அது. குக்கிக்கு எதுவும் தெரிய வேண்டுமென்றால் ஆள் ஒருமுறையாவது வந்துபோயிருக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால் இரண்டு. 'பார்த்தாச்சா' என்பது இதற்குத் தெரியாது. அடுத்தது, இப்படி ஒரு செட்டிங் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனவே இது மட்டும் போதாது, இது இல்லாமலும் கூடாது.

இதைப் போடும்போது நடக்கும் வழக்கமான விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைப்பு 'ஒபாசிட்டி 0'இல், அதாவது கண்ணுக்கே தெரியாத நிலையில், தொடங்கி அனிமேஷன் மூலம் 1-க்கு வருவதாக எழுதியிருப்பார்கள். 'ரெட்யூஸ்' என்றிருப்பவர்களுக்கு 'அனிமேஷன்: நன்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். தலைப்பு 0-இலேயே நின்றுவிடும். பக்கம் வெள்ளையாகத் தெரியும், எழுதியவரின் கம்ப்யூட்டரில் அந்த செட்டிங் இல்லாததால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. தலைகீழாக எழுதுங்கள்: சாதாரண நிலை, எல்லாம் தெரியும் அசையாத பக்கம். 'நோ-பிரிஃபரன்ஸ்' என்றிருந்தால் மட்டும் 0-இல் தொடங்கும் விதிகள் சேரட்டும். ஸ்கிரிப்ட் வராமல் போனாலும் பக்கம் பிழைத்துக்கொள்ளும்.

ஜிஃப் படம், வீடியோ, ஜாவாஸ்கிரிப்ட்டால் நகர்த்துபவை ஆகியவற்றை இந்த சி.எஸ்.எஸ். விதி தொடாது. ஜிஃப்புக்கு 'பிக்சர்' உறுப்பில் 'சோர்ஸ்' வரிக்கு மீடியா நிபந்தனை போட்டு, அசையாத படத்தைக் காட்டலாம். வீடியோவுக்கு 'ஆட்டோபிளே' என்பதை எச்.டி.எம்.எல்.லில் எழுதவே எழுதாமல், நிபந்தனையெல்லாம் பார்த்த பிறகு ஸ்கிரிப்ட்டிலிருந்து 'பிளே' கொடுங்கள். எழுதிவிட்டுப் பிறகு நிறுத்தப் போனால் அதற்குள் ஓடத் தொடங்கியிருக்கும்.

குக்கியைக் கிட்டத்தில் பார்த்தால்

1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தது, கடைக் கூடையில் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைக்கும் சிக்கலுக்காக. பிரவுசரில் தங்கி, ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்ச் சேருவது அதன் பிறவிக் குணம். அனிமேஷனுக்கு அந்தக் குணம் தேவையா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி.

'பார்த்தாச்சு' என்பதைக் குறிக்கும் வரி இப்படி இருக்கும்:

டாகுமென்ட்.குக்கி = "இன்ட்ரோ=1; மேக்ஸ்-ஏஜ்=2592000; பாத்=/; சேம்சைட்=லாக்ஸ்; செக்யூர்"

2592000 என்பது விநாடிக் கணக்கில் 30 நாள். 'சேம்சைட்', 'செக்யூர்' இரண்டும் பாதுகாப்புக் குறிகள். 'மேக்ஸ்-ஏஜ்' இல்லாவிட்டால் அது செஷன் குக்கி. பிரவுசரை மூடினால் போய்விடும் என்று பாடத்தில் இருக்கும். நடைமுறையில், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று வைத்திருப்பவர்களுக்கு அது மூடித் திறந்தாலும் திரும்பி வரும். போனில் பிரவுசரை யாரும் மூடுவதே இல்லை. எத்தனை நாள் என்பதை எண்ணில் எழுதிவிடுவது நல்லது. உச்சவரம்பும் உண்டு: குரோம் 104-இலிருந்து (2022) 400 நாளுக்கு மேல் எதைப் போட்டாலும் 400 என்றே எடுத்துக்கொள்ளும்.

'பாத்=/' என்பதை விட்டுவிடுவதுதான் குக்கி "வேலை செய்யவில்லை" என்ற புகாருக்கு முதல் காரணம். அதை எழுதாவிட்டால், குக்கி எந்தப் பக்கத்தில் போடப்பட்டதோ அந்த அடைவுக்குள் மட்டும் செல்லும். '/புடவை/பட்டு' என்ற பக்கத்தில் போட்டது '/புடவை' என்பதற்குக் கீழே மட்டும் தெரியும், முகப்பில் தெரியாது. நேரே முகப்புக்கு வருபவருக்குச் சரியாக இருக்கும், தேடுபொறியிலிருந்து உள்பக்கத்துக்கு வருபவருக்குத் திரும்பத் திரும்ப ஓடும். சோதிப்பவர் எப்போதும் முகப்பிலிருந்தே தொடங்குவதால் பிழை கண்ணில் படாது. குக்கியை அழிக்கும்போதும் அதே பாத், அதே டொமைன் கொடுத்தால்தான் அழியும்.

படிக்கும்போது ஒரு வலை இருக்கிறது. பிரவுசர் எல்லாக் குக்கிகளையும் அரைப்புள்ளி போட்டு ஒரே சரமாகக் கொடுக்கும். அதில் 'இன்ட்ரோ=1' இருக்கிறதா என்று மேம்போக்காகத் தேடினால் 'நோஇன்ட்ரோ=1' என்பதும் மாட்டும். அரைப்புள்ளியில் பிரித்து, இடைவெளியை நீக்கி, பெயர் முழுசாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 'எச்.டி.டி.பி.ஒன்லி' போட்டு சர்வர் வைத்த குக்கியை ஸ்கிரிப்ட்டால் படிக்கவே முடியாது. பாதுகாப்புக்காக அதை எல்லாவற்றுக்கும் போடும் வழக்கம் உள்ள இடங்களில் அனிமேஷன் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் இதுவாக இருக்கும்.

"ஒன்றல்ல, மூன்று தடவை வரை ஓடட்டும்" என்றால் மதிப்பில் எண்ணிக்கையை வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஆயுளும் புதிதாகத் தொடங்கும். பழைய முடிவுத் தேதியை டாகுமென்ட்.குக்கி திருப்பிச் சொல்லாது, பெயரையும் மதிப்பையும் மட்டுமே தரும். 30 நாளில் 3 தடவை என்று கறாராக வேண்டுமானால் தொடங்கிய நேரத்தையும் மதிப்பிலேயே சேர்த்து எழுத வேண்டியதுதான்.

எப்போது எழுதுவது? அனிமேஷன் முடிந்ததும் எழுதுவது நியாயமாகத் தோன்றும். பாதியில் வேறு பக்கத்துக்குப் போனவருக்கு அப்போது குறிப்பு இருக்காது, மறுபடி ஓடும். முதல் விநாடியிலேயே தாண்டிப் போனவர்தான் அதைப் பார்க்க விரும்பாதவர். அவருக்கே திரும்பக் காட்டுவது சரியில்லை. ஆகவே தொடங்கும்போதே எழுதுங்கள், பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் தொடங்குங்கள். பின்னணி டேப்பில் திறந்த பக்கத்தில் 'விசிபிலிட்டிஸ்டேட்' 'ஹிடன்' என்று இருக்கும். குரோம் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பக்கத்திலும் அப்படியே. 'விசிபிள்' ஆகும்வரை காத்திருந்து, ஓட்டி, எழுதினால் இரண்டு சிக்கலும் ஒரே இடத்தில் தீரும்.

படிக்கும் ஸ்கிரிப்ட் 'ஹெட்' பகுதியில், ஸ்டைல்ஷீட் இணைப்புக்கு முன்னால், பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கைந்து வரிதான்: பார்க்காதவர் என்றால் 'எச்.டி.எம்.எல்.' உறுப்புக்கு 'ஓட்டு' என்ற கிளாஸ் சேர். அனிமேஷன் விதிகள் அந்தக் கிளாஸுக்குக் கீழே மட்டும். இதை அடியில் உள்ள பெரிய ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து, பார்த்தவருக்கு நிறுத்தும் வேலையாக எழுதினால், மெதுவான இணைப்பில் லோகோ அரைச் சுற்று சுற்றிவிட்டுத் திடுக்கென்று நிற்கும். முழுதாக ஓடுவதைவிட அது அசிங்கம். தளத்தில் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை இருந்தால் பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்ட்டை அது தடுக்கும். அந்தத் துண்டை அனுமதிக்க நான்ஸ் அல்லது ஹாஷ் என்ற அடையாளக் குறி கொடுக்க வேண்டும்.

குக்கி பக்கத்தைக் கனமாக்கும் என்ற பயம் இங்கே பொருந்தாது. 'இன்ட்ரோ=1' ஆங்கிலத்தில் 7 பைட், பிரிக்கும் குறியோடு 9. ஒரே டொமைனிலிருந்து 60 படம் வந்தாலும் 540 பைட். எச்.டி.டி.பி. 2, கோரிக்கையோடு திரும்பத் திரும்பப் போகும் தலைப்புத் தகவல்களைச் சுருக்கிவிடும் என்பதால் அதுவும் முழுசாகப் போகாது.

உண்மையான பிரச்சினை சஃபாரியில். 2019-இல் வந்த மாற்றத்தின்படி, ஸ்கிரிப்ட் மூலம் போட்ட குக்கிக்கு எத்தனை நாள் எழுதினாலும் 7 நாள்தான் ஆயுள். சர்வர் தன் பதிலில் 'செட்-குக்கி' தலைப்பாக வைக்கும் குக்கிக்கு இந்தக் கத்தரி இல்லை. ஐபோனில் வேறு பிரவுசர் போட்டாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது அதே எஞ்சின் என்பதை நினைவில் வையுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னவரின் பதிலை ஸ்கிரிப்ட் குக்கியில் வைத்தால், எட்டாம் நாள் அவர் வரும்போது தளம் அதை மறந்திருக்கும்.

லோக்கல்ஸ்டோரேஜ், செஷன்ஸ்டோரேஜ்

'பார்த்தாச்சு' என்ற குறிப்பு சர்வருக்குத் தெரிய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பிரவுசருக்குள்ளேயே தங்கும் லோக்கல்ஸ்டோரேஜ் அதற்குப் போதும். எழுத ஒரு வரி, படிக்க ஒரு வரி. அரைப்புள்ளி, பாத், சேம்சைட் எதுவும் இல்லை. சஃபாரி இதையும் விடவில்லை: 2020 மார்ச் முதல், பயனர் சஃபாரியைப் பயன்படுத்திய நாட்களில் 7 நாள் ஒரு தளத்தின் பக்கம் தொட்டுப் பழகாவிட்டால் அந்தத் தளம் ஸ்கிரிப்ட் மூலம் சேமித்த எல்லாவற்றையும் அழிக்கும். ஆனால் கணக்கின் போக்கைப் பாருங்கள். குக்கிக்கு எழுதிய நாளிலிருந்து 7 நாள். லோக்கல்ஸ்டோரேஜுக்குக் கடைசியாக வந்து தொட்ட நாளிலிருந்து. நான்கு நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு ஸ்கிரிப்ட் குக்கியைவிட இதுதான் நீடிக்கும்.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். எல்லாக் குக்கியையும் தடுத்து வைத்திருப்பவரின் குரோமில் லோக்கல்ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை வெடித்து, அதற்குக் கீழே உள்ள ஸ்கிரிப்ட் முழுக்க நின்றுவிடும். 'ட்ரை-கேட்ச்'சுக்குள் வையுங்கள். பிழை வந்தால் என்ன செய்வது என்பதையும் சரியாக முடிவுசெய்யுங்கள்: 'பார்த்தாச்சு' என்றே எடுத்துக்கொண்டு ஓட்டாமல் விடுங்கள். இல்லாவிட்டால் எதையும் சேமிக்க விடாதவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் திரை விலகும். குக்கி இந்த விஷயத்தில் அமைதியானது. தடுக்கப்பட்டிருந்தால் பிழையே வராது, எழுதியது போலவே இருக்கும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னோர் இடறல், எல்லை. லோக்கல்ஸ்டோரேஜ் முகவரி முழுவதையும் பார்க்கும். முன்னால் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' உள்ள முகவரியில் எழுதியது அது இல்லாத முகவரியில் தெரியாது. 'ஷாப்.' என்று தனியாகக் கடை இருந்தால் அங்கேயும் தெரியாது. குக்கியில் 'டொமைன்=' கொடுத்தால் அத்தனைக்கும் பொது. ஒரே லோகோ அனிமேஷன் மூன்று துணைத் தளங்களிலும் இருக்கிறது என்றால் இங்கே குக்கிக்கு எதிராக வாதமே இல்லை.

லோக்கல்ஸ்டோரேஜுக்குக் காலாவதி கிடையாது. 30 நாள் கழித்து மறுபடி காட்ட வேண்டுமானால் தேதியை எழுதி நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும்.

செஷன்ஸ்டோரேஜ் ஒரு டேப்புக்கு மட்டும். ரீலோட் செய்தாலும் நிற்கும், டேப்பை மூடினால் போகும். முகப்பில் மட்டும் ஓடும் அறிமுகத்துக்கு "ஒரு வருகைக்கு ஒரு தடவை" என்ற கணக்கு வேண்டுமானால் இதைவிட எளிது எதுவும் இல்லை. ஆனால் புடவை பார்ப்பவர்கள் ஒரே டேப்பிலா பார்க்கிறார்கள்? பத்துப் புடவையைப் பத்து டேப்பில் திறந்து வைத்து ஒப்பிடுவார்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் அனிமேஷனுக்கு இதை வைத்தால் பத்து டேப்பிலும் தனித்தனியாக ஓடும்.

சர்வர் முடிவெடுத்தால்

குக்கி சர்வருக்குப் போகிறது, ஆகவே பார்த்தவருக்கு அனிமேஷன் இல்லாத பக்கத்தையே சர்வர் அனுப்பலாம். அறிமுகமே 3 எம்.பி. வீடியோ என்றால் இது கவர்ச்சியான யோசனை. ஆனால் நடுவில் கேஷ் (பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு கொடுக்கும் இடம்) இருந்தால் கவனம். முதலில் வந்தவருக்குப் போன பக்கத்தையே சி.டி.என். (பல ஊர்களில் நகல் வைத்துக் கொடுக்கும் சர்வர் வலை) சேமித்து எல்லோருக்கும் கொடுக்கும். ஒன்று எல்லோருக்கும் ஓடும், அல்லது யாருக்குமே ஓடாது. 'வேரி: குக்கி' என்று தலைப்பு கொடுத்தால் சரியாகும், கேஷ் செத்துவிடும். பார்வையாளர் கணக்கெடுக்கும் கருவிகள் ஆளுக்கொரு எண்ணைக் குக்கியில் வைப்பதால் ஒருவரின் குக்கித் தொகுப்பு இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாது. 'இன்ட்ரோ' என்ற ஒரு குக்கியை மட்டும் பார்த்துக் கேஷ் பிரிக்கும்படி சி.டி.என்.னில் அமைக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். முடியாவிட்டால் பக்கத்தைப் பொதுவாக வைத்து, வீடியோவை ஸ்கிரிப்ட் மூலம் தேவைப்பட்டால் மட்டும் இறக்குவது நிம்மதி.

அசைவு விருப்பத்தைச் சர்வருக்கே சொல்லும் கிளையன்ட் ஹின்ட் தலைப்பு குரோம் 108-இலிருந்து இருக்கிறது. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் அனுப்புவதில்லை என்பதால் அதை நம்பித் தளம் கட்ட முடியாது.

அனுமதிப் பெட்டி வேண்டுமா?

பாரிஸிலும் பெர்லினிலும் உள்ள தமிழர்களுக்கும் அனுப்பி விற்கும் கடை என்றால் இதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய இ-பிரைவசி ஆணையின் 5(3)-ஆவது பிரிவு, 2009-இல் திருத்தப்பட்டது, குக்கி என்ற பெயரைப் பார்ப்பதில்லை. பயனரின் கருவியில் எதைச் சேமித்தாலும் படித்தாலும் அது பொருந்தும். "குக்கி வேண்டாம், லோக்கல்ஸ்டோரேஜ் போட்டால் அனுமதி கேட்க வேண்டாம்" என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள்.

விலக்கு, பயனர் தானே கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவையானதற்கு. 2012-இல் அன்றைய ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புக் குழு தந்த கருத்துரை, பயனர் பட்டன் தட்டிக் கேட்ட தோற்ற விருப்பத்தை நினைவில் வைக்கும் குக்கியை விலக்கில் சேர்க்கிறது. நீண்ட நாள் வைத்திருப்பதானால் பட்டன் அருகில் கூடுதலாகச் சொல்லச் சொல்கிறது. நம் இரண்டு கேள்விகளும் இங்கே மறுபடி பிரிகின்றன: 'அசைவை நிறுத்து' என்பதைப் பயனர் கேட்டார். 'பார்த்தாச்சு' என்று குறிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதற்கு விலக்குக் கோருவது பலவீனமான வாதம்.

எந்தத் தளத்துக்கு எது

முன்னுரிமை எல்லாத் தளத்துக்கும் ஒன்றே. பயனர் பட்டனில் சொன்னது முதலில். அவர் எதுவும் சொல்லாவிட்டால் கருவியின் செட்டிங். அதுவும் தடுக்காவிட்டால்தான் 'பார்த்தாச்சா' என்ற கேள்வி. செட்டிங்கில் 'குறை' என்று வைத்தவரே நம் தளத்தில் 'ஓட்டு' என்று தட்டினால் ஓட்டிக் காட்டுவதுதான் மரியாதை. ஆகவே விருப்பக் குக்கிக்கு மூன்று நிலை வேண்டும்: 1, 0, இல்லவே இல்லை. 'இல்லை' என்பதை 0 என்று படித்துவிடாதீர்கள்.

முகப்பில் மட்டும் அறிமுகம் ஓடும் சாதாரணக் கடைத் தளம், சர்வர் வசதி இல்லாத வெறும் கோப்புத் தளம்: மீடியா குவெரி, 'பார்த்தாச்சு'வுக்கு லோக்கல்ஸ்டோரேஜ், அவ்வளவே. ஏழு நாளில் மறந்தால் மறக்கட்டும்.

ஸ்லைடரும் நகரும் செய்தி வரியும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற தளத்தில் 'அசைவை நிறுத்து' பட்டன் கட்டாயம். அதன் பதிலுக்கு குக்கி, அதுவும் சர்வர் வைக்கும் குக்கி. பட்டன் தட்டியதும் சர்வரில் ஒரு சிறிய முகவரிக்குக் கோரிக்கை போகட்டும். அது 'செட்-குக்கி' தலைப்போடு, 'மேக்ஸ்-ஏஜ்=34560000' என்று, அதாவது 400 நாளுக்கு, 'எச்.டி.டி.பி.ஒன்லி' இல்லாமல் பதில் தரட்டும். பி.எச்.பி. ஓடும் சாதாரண ஹோஸ்டிங்கிலேயே இது நான்கு வரி வேலை. கணக்குத் தொடங்கி உள்ளே வருபவர்களுக்கு அதைக் கணக்கிலும் எழுதிவிட்டால் போன் மாறினாலும் தொடரும்.

தீபாவளிக்கு 5 நாள் மட்டும் வாணவேடிக்கை என்றால் குக்கியின் காலாவதி வசதியாக இருக்கும். 'மேக்ஸ்-ஏஜ்=432000' என்று எழுதினால் எழுதிய நாளிலிருந்து 5 நாளில் அதுவும் தானாகப் போய்விடும். பிறகு கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை.

வேறு தளங்களில் ஐஃப்ரேமாக, அதாவது பக்கத்துக்குள் பக்கமாக, பதிக்கப்படும் விட்ஜெட்டுக்கு எங்கள் பரிந்துரை, தானாக எதையும் ஓட்டாதீர்கள். மூன்றாம் தரப்புக் குக்கியை சஃபாரி முழுசாகத் தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் தளத்துக்குத் தளம் பிரித்து வைக்கிறது. என்ன எழுதினாலும் பத்துத் தளத்தில் பத்துத் தடவை ஓடத்தான் போகிறது.

சோதிக்கும்போது

கோப்பை இரட்டைத் தட்டில் திறந்து சோதிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் உள்ள கோப்பாகத் திறந்த பக்கத்துக்குக் குரோம் குக்கி வைப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட்டில் ஓட்டுங்கள். எஃப் 12 தட்டி 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கிப் பட்டியலைத் திறந்து பாத், காலாவதி இரண்டையும் கண்ணால் பாருங்கள். 'ரெண்டரிங்' பகுதியில் அசைவுக் குறைப்பைப் பாவனையாகப் போட்டு, பக்கத்தில் எழுத்து எல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்கை '3ஜி'க்கு இறக்கி, பார்த்தவருக்கு லோகோ துள்ளுகிறதா என்று ஒருமுறை. உள்பக்கம் ஒன்றில் தொடங்கி முகப்புக்கு வந்து ஒருமுறை.

கடைசியாக 'பேக்' பட்டன். முகப்பில் ஸ்லைடர் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்பக்கம் போய் 'அசைவை நிறுத்து' தட்டுகிறீர்கள், பின்னால் வருகிறீர்கள். பிரவுசர் முகப்பை அப்படியே உறைய வைத்திருந்து எடுத்துத் தரும். ஹெட்டில் உள்ள ஸ்கிரிப்ட் மறுபடி ஓடாது, குக்கியை யாரும் படிக்க மாட்டார்கள், ஸ்லைடர் விட்ட இடத்திலிருந்து நகரும். 'பேஜ்ஷோ' நிகழ்வைக் கவனித்து, அதில் 'பெர்சிஸ்டட்' உண்மை என்றால் குக்கியைத் திரும்பப் படித்து நிறுத்தும் மூன்று வரியை அங்கே சேர்க்க வேண்டும்.